முன்னூற்றுப் பதினாறு முஷ்டிகள்

முதல் அநீதி, சுல்தானின் வரி அதிகாரி எங்கள் தேவாலயத்து மணியை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அதன்பின் நாற்பது வருடம் ஒரு பலகையைக் கட்டையால் தட்டித்தான் கடவுளைக் கூப்பிட்டோம். எங்கேயோ தச்சு வேலை நடக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவரும் வரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

இரண்டாவது அநீதி, சுல்தானிடமிருந்து எங்களை மீட்க வந்த பேரரசரின் படை, மீட்ட கையோடு எங்கள் குதிரைகளையும் மீட்டுக்கொண்டு போனது. கோவேறு கழுதைகளை மட்டும் விட்டுவிட்டார்கள், நாங்களும் அவற்றில் சேர்த்தி. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

மூன்றாவது அநீதி, பேரரசரிடமிருந்து எங்களை மீட்க வந்த அண்டை நாட்டுச் சகோதரர்கள், ஒரே வாரத்தில் ஊரிலுள்ள அத்தனை குடும்பப் பெயர்களின் வாலையும் நறுக்கிவிட்டுத் தங்கள் நாட்டு வாலை ஒட்டவைத்தது. செத்தவர்களையும் விடவில்லை, கல்லறைக் கற்களை உளி வைத்துத் திருத்தினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

நான்காவது அநீதி எங்களுக்குள்ளேயே முளைத்தது. எங்கள் ஊரான வெர்பினாவின் புகையிலைக் கிடங்குக்காரர் நௌம், இலை காய்ந்து எடை குறைந்துவிடக் கூடாது என்று கிடங்கின் ஜன்னல்களையெல்லாம் ஆணி அடித்து மூடினார்; உள்ளே இலை பிரிக்கும் பெண்கள் இருமி இருமிச் சுருண்டார்கள். அதைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டோம்.

ஐந்தாவது அநீதி, ஜன்னலைத் திற என்று நாங்கள் செய்த வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், கிடங்கின் முற்றத்தில், உச்சி வெயிலில், முன்னூறு ஆண்கள் சுற்றி நிற்க, லாசோ என்கிற இருபத்து மூன்று வயதுக்காரன் சுட்டுக் கொல்லப்பட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் முன்னூறு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நான் அப்போ என் கோவேறு கழுதையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்." முற்றத்தில் அன்று நின்றது ஒரே ஒரு கோவேறு கழுதை. தேவாலயப் பதிவேட்டில், லாசோ குதிரையிலிருந்து விழுந்து இறந்தான் என்று எழுதினார்கள். லாசோவிடம் குதிரை கிடையாது. எங்கள் ஊரிலேயே குதிரை கிடையாது. இரண்டாவது அநீதியைப் பார்க்கவும்.

ஆறாவது அநீதி, சுதந்திரம். அது கிடைத்த பதினோராம் மாதம், நாட்டின் முதல் பொதுத்தேர்தலை நடத்தத் தலைநகரத்திலிருந்து ஓர் ஆணையரும், மூன்று மரப்பெட்டிகளும், ஒரு சாக்கு ரப்பர் பந்துகளும் வெர்பினாவுக்கு வந்து இறங்கின.

இந்த ஜனங்களிடம் வாக்குச் சீட்டைக் கொடுத்தால் அதில் புகையிலை சுற்றிப் பிடித்துவிடுவார்கள் என்று தலைநகரத்தில் சரியாகவே கணித்திருந்தார்கள். அதனால் சீட்டுக்குப் பதில் பந்து, அக்ரூட் கொட்டை அளவில், சாம்பல் நிறத்தில், ஆளுக்கு ஒன்று. முதல் பெட்டியில் நௌமின் பெயர். இரண்டாவது பெட்டியில் எங்கள் தொழிலாளர் கட்சியின் வேட்பாளர், வேலைநிறுத்தத்தை நடத்திய தோழர் வாசிலின் பெயர். அந்த எழுத்துகளை என் அச்சுக்கூடத்தில் நானே கோத்து நானே ஒட்டினேன். மூன்றாவது பெட்டியில் பெயரே இல்லை. யாரும் வேண்டாம் என்பவர்களுக்கு அது, ஊரார் அதைக் குருட்டுப் பெட்டி என்றார்கள். பந்தை வலது கையில் மூடிக்கொண்டு மூன்று பெட்டிகளுக்குள்ளும் கையை விட வேண்டும், எதில் போட்டான் என்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது, கடைசியில் விரித்த உள்ளங்கையை ஆணையரிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும். யார் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு மனிதன் தன் மனதைச் சொல்லிவிடலாம் என்று ஆணையர் இதை விளக்கியபோது எங்கள் ஊர் ஆண்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள். வாயைத் திறக்காமல் வாழ்வதற்கு அரசாங்கமே வழி செய்து கொடுத்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது?

வாக்குச்சாவடியை எங்கே வைத்தார்கள் தெரியுமா, நௌமின் கிடங்கு முற்றத்தில். லாசோ விழுந்த கல்லின் மேல்தான் பெட்டி வைத்த மேசையின் ஒரு கால் நின்றது. முதலில் நௌம் வந்தார், மூன்று பெட்டிகளிலும் கையை விட்டார், எடுத்தார்.

"கையைத் திறந்து காட்டுங்க" என்றார் ஆணையர்.

"திறக்கத்தான் பாக்கறேன்."

"மூடியே இருக்குதே."

"அது எனக்கும் தெரியுது."

நௌமை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வாசிலைக் கூப்பிட்டார்கள். வாசிலின் கையும் திறக்கவில்லை. பாதிரியாரின் கை, நாவிதனின் கை, செவிட்டு மேய்ப்பனின் கை, என் கை, எதுவும் திறக்கவில்லை. மாலைக்குள் முன்னூற்றுப் பதினாறு வாக்காளர்களும் முன்னூற்றுப் பதினாறு முஷ்டிகளோடு முற்றத்தில் நின்றார்கள். முப்பது வருடமாக நான் இந்த ஜனங்களிடம் முஷ்டியை மடக்கு, முஷ்டியை உயர்த்து என்று துண்டறிக்கை அடித்துக் கொடுத்துத் தொண்டை வறண்டவன். ஒருவன் மடக்கியதில்லை. கடைசியில் மொத்த ஊரும் மடக்கியது, ரப்பர் பந்தின் மேல்.

"என்ன தோழர் டிமோ, நீர் சொன்னபடி மடக்கிட்டோம், இனி எப்போ புரட்சி?" என்று சாராயக் கடையில் கேட்டுச் சிரித்தார்கள். இடது கையால் கிண்ணத்தைப் பிடித்து மார்பெல்லாம் சிந்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஊர் எதற்கும் பழகும். வெந்நீரில் வைத்துப் பார்த்தார்கள், பன்றிக் கொழுப்பைத் தடவிப் பார்த்தார்கள், வாத்து இறகால் விரலிடுக்கில் கூசவைத்துப் பார்த்தார்கள், தூங்கும்போது மனைவிமார்கள் மெல்லப் பிரித்துப் பார்த்தார்கள். எதற்கும் திறக்காமல் போகவே, மூன்றாம் வாரத்தில் அது பிறவியிலேயே வந்ததுபோல ஆகிவிட்டது. கைகுலுக்குவதற்குப் பதில் முஷ்டியோடு முஷ்டியை இடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் முஷ்டி வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இடது கையால் சிலுவை போடுவது பாவமா என்று பாதிரியார் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். தேர்தல் முடியும்வரை பாவமில்லை என்று பதில் வந்தது. வாக்களிக்கும் உரிமை இல்லாத காரணத்தால் பெண்களின் கைகள் மட்டும் திறந்தே இருந்தன. ஆகவே ரொட்டி அறுப்பதும், விறகு பிளப்பதும், இலை பறிப்பதும், கணவனுக்குப் பொத்தான் போடுவதும் அவர்கள் தலையில் விழுந்தன. அதாவது, பொத்தானைத் தவிர எதுவும் மாறவில்லை.

நௌம் தன் முஷ்டிக்கு நரித்தோலில் உறை தைத்துக்கொண்டார். வாசில் கெட்டிக்காரன், உறை போடவில்லை. மாடியில் நின்று திறக்காத கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பேசினான், கூட்டம் ஆர்ப்பரித்தது, திறக்க முடியாத கையைவிட உறுதியான கை எது என்று நானே அதற்கு ஒரு துண்டறிக்கை எழுதினேன். தலைநகரத்து மருத்துவர் வந்து பார்த்து 'தேசிய அயர்ச்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி வாக்காளர் விரித்த உள்ளங்கையைக் காட்டும்வரை வாக்குப்பதிவு முடிந்ததாகாது என்பது சட்டம், ஆகவே ஆணையர் ஊரை விட்டுப் போக முடியவில்லை. மேசைக்கு அருகில் பாத்தி வெட்டி வெங்காயம் நட்டார். இருபதாம் நாள் கிழவர் பெத்கோ செத்துப்போனபோது, முடிவடையாத ஒரு வாக்கு மண்ணுக்குள் போகிறது என்று ஆணையர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார். தலைநகரத்தில் எங்கள் உறுப்பினர் இல்லாமலே அரசாங்கம் அமைந்தது, கவிழ்ந்தது, மறுபடி அமைந்தது. எங்களைக் காணோமே என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படி ஊரே சௌகரியமாகப் பழகிவிட்ட நேரத்தில், இலை பறிக்கும் மாதத்தில், லாசோவின் அக்கா ஸ்டமேனா கோதுமைத் தட்டோடு தெருவில் இறங்கினாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. செத்தவனின் ஆண்டு நாளில் வேகவைத்த கோதுமையை வீடு வீடாகக் கொண்டு போவார்கள். அதை வலது உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். இடது கை பிசாசுக்கு உரியது. ஏழாம் வருடம் கல்லறையைத் தோண்டி, எலும்புகளைத் திராட்சை ரசத்தில் கழுவி, ஊரைச் சாட்சியாக வைத்துப் பதிவேட்டில் உள்ளதை உரக்க வாசித்து, வெள்ளைத் துணியில் கட்டிக் கடைசியாகப் புதைப்பார்கள். அப்படி வாசித்த பிறகு அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தையும் திருத்த முடியாது. அதற்கு முன் திருத்த வேண்டுமென்றால், கண்ணால் கண்ட இரண்டு ஆண்கள் எழுந்து நின்று உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக ஸ்டமேனா ஒவ்வொரு கதவிலும் கோதுமையை வைத்துவிட்டு, "நீங்க பார்த்தீங்க இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொருவனும் வலது கை நிறைய வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கடவுள் அவனை மன்னிக்கட்டும், நான் கோவேறு கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மென்றுகொண்டே சொல்லியிருக்கிறான். இது ஏழாம் வருடம். எட்டு நாளில் கல்லறையைத் திறக்க வேண்டும்.

இந்த முறை எந்தக் கதவிலும் அவளால் கோதுமையை வைக்க முடியவில்லை. வாங்க உள்ளங்கை இல்லை. முஷ்டியைக் காட்டினார்கள், வருத்தப்பட்டார்கள், உள்ளுக்குள் நிம்மதிப்பட்டார்கள். அவர்களைக் கேள்வி கேட்கவே இந்த வருடம் அவளுக்கு வழியில்லாமல் போனது. நிறைந்த தட்டோடு அவள் கிடங்கு முற்றத்துக்கு வந்து, தம்பி விழுந்த கல்லுக்கு அருகில் உட்கார்ந்தாள். ஆணையரின் வெங்காயத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த தாஷோ அங்கே நின்றிருந்தான். வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் முற்றத்தில் நின்ற அந்த ஒற்றைக் கோவேறு கழுதை இவனுடையதுதான்.

"ஏன் தாயி, தட்டு அப்படியே இருக்குது?"

"யார் கையும் திறக்கலையே."

தாஷோ கோவேறு கழுதையின் கழுத்தைத் தடவினான். "முன்னூறு பேர் இவளைப் பார்த்துக்கிட்டிருந்ததா சொல்றாங்க. பாவம், அன்னிக்கு இவளைப் பார்த்தவன் ஒருத்தன்கூட இல்ல. நான்கூட இல்ல. இவ பசியோட கத்திக்கிட்டே இருந்தா."

"அப்போ நீ எதைப் பார்த்துக்கிட்டிருந்தே?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சா போதாது, தாஷோ. நீ சொல்லணும்."

தாஷோ சொன்னான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, தண்ணீர்க் குடத்தை இறக்குகிறவன் மூச்சு விடுவதுபோலச் சொன்னான். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே நௌமின் வீட்டுப் பின்வாசல் வழியாக ஒருவன் வெளியே வந்ததை லாசோ பார்த்துவிட்டான், முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டான், கேட்ட வாய் மூடுவதற்குள் அந்த ஆள் சுட்டான். தாஷோ சொன்ன பெயர் நௌமுடையது அல்ல. இரண்டாவது பெட்டியின் மேல் நான் ஒட்டிய பெயர்.

அவன் வலது கை பூ விரிவதுபோலெல்லாம் விரியவில்லை. துருப்பிடித்த கீல்போல ஒவ்வொரு விரலாக இறங்கியது. பந்து கோதுமைத் தட்டில் விழுந்தது. ஆணையர் ஓடிவந்து அந்த உள்ளங்கையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், கோதுமைத் தட்டு எந்தக் கட்சியின் பெட்டியும் ஆகாது என்று குறித்துக்கொண்டார்.

பலகையைத் தட்டாமலே ஊர் கூடிவிட்டது. தாஷோ தன் ஐந்து விரல்களையும் ஆட்டிக் காட்டினான், என்ன சொன்னால் திறந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னான். ஆக, மருந்து தெரிந்துவிட்டது. உலகத்தில் எந்த ஊருக்கும் இவ்வளவு மலிவான மருந்து கிடைத்ததில்லை: ஒரு பெயர், ஒரு மூச்சு. முன்னூற்றுப் பதினான்கு உயிரோடிருக்கும் முஷ்டிகள் அதைக் கேட்டன. பிறகு ஒருவன் தன் மாட்டைப் பார்க்க வேண்டும் என்றான், ஒருவனுக்கு அடுப்பு நினைவு வந்தது, நௌமின் ஆட்கள் பெயர் தங்கள் தலைவருடையது இல்லையென்று மகிழலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தார்கள், பின்வாசல் யாருடையது என்பது நினைவு வர அவர் தரையைப் பார்த்தார், எங்கள் ஆட்கள் வாசிலின் முகத்தைப் பார்த்தார்கள், வாசில் முஷ்டியை உயர்த்தினான், எல்லோரும் கலைந்தார்கள். மறுநாள் காலையில் வெர்பினாவின் பெண்களிடம் கம்பளி நூல் கேட்டார்கள் ஆண்கள். குளிர்காலம் வருகிறது, முஷ்டிக்கு உறை பின்ன வேண்டும். இந்த ஜனங்களுக்காகத்தான் நான் இரண்டு முறை சிறைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் ஸ்டமேனா என் அச்சுக்கூடத்துக்கு வந்தாள்.

"தாஷோ ஒருத்தன் ஆச்சு. இன்னொருத்தன் வேணும், டிமோ அண்ணா."

"எத்தனை பேர் இருக்காங்க, போய்க் கேளு."

"கேட்டாச்சு." அவள் இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து அச்சு மேசையில் விரித்தாள். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய துண்டறிக்கை, 'லாசோவின் ரத்தம் பழி கேட்கிறது' என்று தலைப்பு. "எனக்குப் படிக்கத் தெரியாது. பாதிரியாரை விட்டுப் படிக்கச் சொன்னேன். முதலாளித்துவத்தின் குண்டுன்னு எழுதியிருக்கீங்களாம். அந்தக் குண்டுக்குக் கை இல்லையா?"

"ஸ்டமேனா, யோசிச்சுப் பேசு. வாசில் விழுந்தா நௌம் ஜெயிப்பான். ஜன்னல் என்னிக்கும் திறக்காது."

"இப்போ திறந்தா இருக்குது?"

ஜன்னல்கள் ஏழு வருடமாக ஆணி அடித்தபடியேதான் இருந்தன.

"லாசோ ஒரு தியாகி" என்றேன். "இயக்கம் உள்ளவரை அவன் பேர் நிக்கும்."

"அவங்க குடுத்தது குதிரை. நீங்க குடுத்தது தியாகம். ரெண்டுலேயும் சுட்டவன் இல்லை." அவள் தாளை மடித்தாள். "அன்னிக்கு அவனுக்குப் பீடி பத்தவெச்சது நீங்க. நான் கிடங்குக்குள்ளே ஜன்னல் ஓட்டை வழியாப் பார்த்துக்கிட்டிருந்தேன். பொம்பளை சாட்சி செல்லாதுன்னுட்டாங்க. செல்லியிருந்தா உங்க வாசல்ல வந்து நிக்க மாட்டேன்."

போகும்போது என் வலது கையைப் பார்த்தாள். நான் அதை மேலங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். தேர்தல் நாளிலிருந்தே அங்கேதான் வைத்திருந்தேன். முஷ்டி என்றால் உயர்த்த வேண்டும் என்று முப்பது வருடம் எழுதியவன்.

எட்டாம் நாள் காலை, கல்லறைத் தோட்டத்தில், கம்பளி உறை போட்ட ஊர் முழுதும் நின்றது. நௌம் நரித்தோலோடு வந்திருந்தார். வாசில் முன்வரிசையில் நின்றான். தோழனுக்கு இரங்கல் உரை ஆற்றப்போவதாகச் சொல்லியிருந்தான். ஆணையரும் வெங்காயத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். பெண்கள் தோண்டினார்கள், கை இருந்தவர்கள் அவர்கள்தானே. ஸ்டமேனா ஒவ்வொரு எலும்பாக எடுத்து ரசத்தில் அலசினாள், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல முதலில் தலை, பிறகு தோள். விலா எலும்புகளை அலசும்போது ஏதோ ஒன்று உதிர்ந்து செம்புப் பாத்திரத்தின் அடியில் 'டங்' என்று விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஈயக் குண்டு.

"குதிரை லாடத்து ஆணியா இருக்கும்" என்றார் நௌம்.

"இருக்கும், இருக்கும்" என்றார்கள் இரண்டு கட்சிக்காரர்களும். சுதந்திரம் வந்தபின் அவர்கள் முதல்முறையாக ஒத்துப்போனது அதில்தான்.

பாதிரியார் இடது கையால் பதிவேட்டைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். "லாசோ, இருபத்து மூன்று வயது, மணமாகாதவன், குதிரையிலிருந்து—"

"நிறுத்துங்க சாமி" என்றாள் ஸ்டமேனா.

தாஷோ முன்னால் வந்து தான் கண்டதைச் சொன்னான், விரித்த கையைத் தூக்கிச் சொன்னான். பாதிரியார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஒருத்தன் சொன்னா வதந்தி. ரெண்டு பேர் சொன்னாத்தான் சாட்சி. வேற யாராவது?"

கம்பளி உறைக்குள் முன்னூறு முஷ்டிகள் கதகதப்பாக இருந்தன. வாசில் என்னைப் பார்த்துச் சிநேகமாகத் தலையசைத்தான். கூட்டத்தில் அவனுக்குச் சந்தேகமே இல்லாத ஒரே ஆள் நான். அது என்னைச் சுட்டது. இந்த ஜனங்களைக் கோழைகள் என்று எத்தனை துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். அவர்கள் வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்தார்கள், நான் மூடிய வாய்க்கு எழுத்துக் கோத்து அச்சடித்து வீடு வீடாக விநியோகித்தவன்.

அன்று விடிந்ததும் இடது கையால் கோத்து, ஒரே ஒரு பிரதி அடித்து வைத்திருந்தேன். ஐந்தே வரி. நான் இதுவரை அச்சடித்ததிலேயே சிறிய அறிக்கை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வலது முஷ்டியைப் பையிலிருந்து வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி பதிவேட்டின் மேல் வைத்தேன்.

"தோழர் டிமோ, யோசிச்சுச் செய்யும்" என்றான் வாசில், மெல்ல.

"ஏழு வருஷம் யோசிச்சாச்சு" என்றேன். பிறகு ஸ்டமேனாவும், தாஷோவும், பாதிரியாரும், ஆணையரும், ஊரும், கழுவிய எலும்புகளும் சாட்சியாக, தாளை விரித்து வாசித்தேன்:

"வெர்பினா ஊர் அச்சுக்காரன் டிமோ ஆகிய நான், வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் நண்பகலில், லாசோவுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நான் கோவேறு கழுதையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லாசோ குதிரையிலிருந்து விழவில்லை. அவனைச் சுட்டவனை நான் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் துப்பாக்கியைத் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவன் பெயர், வாசில் கோவாச்செவ்."